நோட்டில் இருக்கிற எட்டு ஸ்பூன்

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் தன் பங்குக்கு எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் மருமகளும் என் பேத்தி பட்டாணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் நான் இறைவனிடம் வைக்கிற முதல் விண்ணப்பம், காபிகூட அதற்கப்புறம்தான். முந்தாநாள்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிச் சொல்லியே முடித்துவிடுகிறாய், எனக்கும் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டு வேறு பேச்சுதான் வருகிறது. காகிதத்தை யாரும் நடுவில் மடக்க முடியாது. அதனால் இதை முழுசாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, படித்துவிட்டு மருமகளுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. உன்னைவிட அவளுக்குத்தான் இது முக்கியம்.

இங்கே புதுசாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, குழாய்க்காரர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார், சொட்டு நின்றதும் வீடு இன்னும் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. மாடியில் குடியிருந்த தையல்காரம்மா மகள் வீட்டோடு போய்விட்டாள். பகலெல்லாம் தடதடவென்று மிஷின் ஓட்டுகிறாளே, மனுஷி ஒரு பக்கம் நிம்மதியாகப் படிக்க முடிகிறதா என்று சண்டைக்குப் போனவள் நான்தான், உனக்கே தெரியும். இப்போது மதியம் மூன்று மணியானால் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நிம்மதியாப் படிங்கக்கா, என் தொந்தரவு ஒழிஞ்சுது" என்றாள். குத்திச் சொன்னாளா பாசமாகச் சொன்னாளா தெரியவில்லை, இரண்டும் கலந்துதான் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகிறேன், அங்கே நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். மற்ற நாட்களில், பால் கடையில் "அரை லிட்டர் குடுங்க" என்று கேட்பதுதான் அன்றைக்கு நான் பேசிய மொத்தப் பேச்சு. இதைப் படித்துவிட்டு உடனே போனை எடுக்காதே, குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

பட்டாணிக்குக் காரமில்லாமல் கறியும் காயும் எப்படிச் சமைப்பது, அளவோடு எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். கைப்பழக்கத்தில் செய்ததுதானே, எழுத உட்கார்ந்தால் அளவு வரமாட்டேன் என்றது. தப்பாக எழுதிவிடக் கூடாதென்று சனிக்கிழமை கறிக்கடைக்குப் போய்க் கொத்துக்கறி நூறு கிராம் போடச் சொன்னேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நூறு கிராமா? என்னம்மா, பூனை ஏதும் வளக்கிறீங்களா?" என்றார். பேத்திக்கு என்றேன். "அட, பேத்தி வந்திருக்கா? சொல்லவே இல்லையே!" என்று முகமெல்லாம் சிரிப்பாகி, கொழுப்பில்லாத துண்டாகத் தேடி எடுத்து, இரண்டு தடவை கொத்தி, எலும்புச் சில் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். அவள் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதும் பொய்யில் சேர்த்தியா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இனி செய்முறை. நூறு கிராம் கொத்துக்கறியை ஒன்றரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கையால் உதிர்த்துவிட வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நீ எவ்வளவு மசித்தாலும் பிள்ளையின் ஈறுக்கு அது மணல்தான். அடுப்பில் வைத்து நுரை பொங்கி வரும்போது கரண்டியால் வழித்துக் கொட்டிவிடு. மூடி போட்டுச் சின்னத் தீயில் இருபது நிமிஷம். பிறகு ஒரு சின்ன உருளைக்கிழங்கு, அரை கேரட், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீற்றுப் பூசணி, எல்லாம் தோல் சீவிச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டு, கேரட்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அமுக்கினால் நசுங்குகிற வரைக்கும் வேகவிடு. எனக்குச் சரியாகப் பதினெட்டு நிமிஷம் ஆனது, உங்கள் அடுப்புக்கு எவ்வளவோ. உப்பு வேண்டாம், ஒரு வயசு முடிகிற வரைக்கும் ஒரு கல் உப்புக்கூட வேண்டாம், உனக்குச் சப்பென்று இருந்தால் இருக்கட்டும். இறக்கி வைத்து அரை ஸ்பூன் வெண்ணெய் போட்டு முள்கரண்டியால் மசி. மிக்சியில் போடாதே. மிக்சியில் போட்டால் பசை, பசையை யார் தின்பார்கள். அங்கங்கே கொஞ்சம் பிசிறு இருக்கட்டும், கெட்டியாக இருந்தால் வெந்த தண்ணீரையே விட்டு இளக்கிக்கொள். நாலு வேளைக்கு வரும், அன்றைக்கு ஆகிற வரைக்கும் எடுத்துக்கொண்டு மீதியை ஐஸ் தட்டில் ஊற்றிப் பிரீசரில் வை. ஒரு தடவை சூடுபண்ணியதை மறுபடி சூடுபண்ணாதே. பிள்ளை வாயில் போன ஸ்பூனைப் பாத்திரத்துக்குள் விடாதே. கறியோ காயோ புதுசாகக் கொடுப்பது எதுவானாலும் மூன்று நாள் அது ஒன்றை மட்டும் புதுசாக வைத்துப் பார். இன்னொன்று, அவளுக்குக் குமட்டினால் பயப்படாதீர்கள். இருமலும் சத்தமுமாக இருந்தால் அவளே அதைச் சரி பண்ணிக்கொள்கிறாள் என்று அர்த்தம், சத்தமே வராமல் முகம் மாறினால்தான் ஓடவேண்டும். இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாததால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை போனை ஏதோ டப்பாமேல் சாய்த்து வைத்துப் பேசினாயே, பட்டாணி உயர நாற்காலியில் இருந்தாள், மருமகள் ஸ்பூனோடு எதிரில் இருந்தாள், உன் பின்னால் பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். என் கையெழுத்து. நீ பிள்ளையாக இருந்தபோது உனக்கு ஊட்டியதை நான் எழுதி வைத்த நோட்டின் பத்தாம் மாதப் பக்கம், போன தடவை வெளிநாட்டிலிருந்து நீங்கள் வந்திருந்தபோது பெட்டியிலிருந்து எடுத்து நீ போட்டோ பிடித்துக்கொண்டு போனது. காலை ஆறு, மதியம் எட்டு, மாலை ஏழு என்று கட்டம் போட்டு நான் எழுதியது அவ்வளவு பெரிதாக ஒட்டியிருக்கிறது. பிள்ளை மூன்று ஸ்பூன் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். நீ சொன்னாய், "இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு, எங்கம்மா ஒத்த ஆளா இருந்து எட்டு குடுத்திருக்காங்க, நாம ரெண்டு பேர் இருக்கோம்."  மருமகள் அந்தக் காகிதத்தை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். அப்புறம் நீ பட்டாணியின் இரண்டு கைகளையும் உன் இடது கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நான் புடிச்சுக்கிறேன், நீ குடு" என்றாய். அந்தப் பிடி எனக்குத் தெரியும். விடுடா அவளை என்று கத்திவிட்டேன். "என்னம்மா, கேக்கலை, கட் ஆகுது" என்றாய் நீ. ஒன்றுமில்லை, சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கும் நேற்றைக்கும் எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை.

அந்த எட்டு பொய். ஆறும் பொய், ஏழும் பொய். அந்தப் பக்கத்தில் இருக்கிறது முழுக்கப் பொய்.

நீ ஒன்பது மாதம் முடிந்திருந்தபோது ஒரு நாள் கறித்துணுக்கு ஒன்று தொண்டையில் பட்டு உனக்குக் குமட்டிவிட்டது. கண்ணெல்லாம் தண்ணீர், முகம் சிவந்துபோய் ஓவென்று இருமினாய். உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன், செருப்புக்கூடப் போடவில்லை. அதற்கப்புறம் எதைக் கொடுத்தாலும் துணியில் வடிகட்டித் தண்ணீராகத்தான் கொடுத்தேன். உனக்கு அது பிடிக்கவில்லை, வாயைப் பூட்டிக்கொண்டாய். இரண்டு ஸ்பூன், ஒரு ஸ்பூன், சில வேளை ஒன்றுமே இல்லை. உன் அப்பாவுக்கு அப்போது வெளியூர்க் கிடங்கில் பதிவேடு எழுதுகிற வேலை, சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருவார், திங்கள் விடியற்காலை போய்விடுவார். அந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். நான் நாலாங்கிளாஸோடு நின்றவள், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் பிரார்த்தனைப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்து நானாகவே எழுதக் கற்றுக்கொண்டவள் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. "பிள்ளை சாப்பிடுறதை நீ எழுதி வை, வந்து பாக்கும்போது ஆறு நாளும் வீட்டுல இருந்த மாதிரி இருக்கும்" என்றார். முதல் மாதங்களில் உண்மையைத்தான் எழுதினேன். அப்புறம் இரண்டு, ஒன்று, சைபர் என்று எழுதி அதை அவர் முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆறு நாள் லோடு எண்ணி எண்ணிக் களைத்துப் போய் வருகிற மனுஷர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நோட்டைக் கேட்பார். ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கத் தெரியாதவள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயம். அதனால் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் எழுதிவிடுவேன். ஒரே மூச்சில் எழுதினது தெரியக் கூடாதென்று இரண்டு பேனா மாற்றி மாற்றி எழுதினேன் என்றால் பார்த்துக்கொள், எனக்கு எவ்வளவு புத்தி. கிளினிக்கில் கொடுத்த எடை அட்டையை அவர் கேட்டபோது, அதை அங்கேயே வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் அந்த நோட்டைக் கிடங்குக்கே கொண்டுபோய், "எங்க வீட்டுக்காரி எழுதுறதைப் பாருங்கய்யா, நம்ம பதிவேடு பிச்சை வாங்கணும்" என்று காட்டிவிட்டு வந்தார். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை. போன தடவை நீ அதை எடுத்தபோதாவது சொல்லியிருக்கலாம். ஏழு மாத வயிற்றோடு மருமகள் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, "அத்தை, எவ்வளவு நேர்த்தியா எழுதியிருக்கீங்க" என்றாள், அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி வாயை மூடிக்கொண்டேன்.

நோட்டில் இல்லாததையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் உன் இரண்டு கைகளையும் என் இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயில் திணித்தேன். ஒன்பது ஸ்பூன் உள்ளே போயிற்று, ஒன்பதும் அப்படியே வெளியே வந்தது. நீ அழக்கூட இல்லை, என்னை யாரோ மாதிரி பார்த்தாய். தரையைத் துடைத்தேன், சனிக்கிழமை நோட்டில் அதை ஒன்பது, மிச்சமில்லை என்று எழுதினேன். அதற்கப்புறம் ஸ்பூனைப் பார்த்தாலே உனக்கு உடம்பு விறைக்கும்.

உன் எடை இரண்டு மாதமாக ஏறவே இல்லை. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே எடை போடுகிற நர்ஸம்மா ஒருத்தி, வாசலில் நின்றாலே குரல் கேட்கும், பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டாள். ஆறு, எட்டு, ஏழு என்று ஒப்பித்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அது கெடக்கட்டும், நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுற?" என்றாள். பிள்ளைக்கு ஊட்டி முடித்துவிட்டு என்றேன். "அவன்தான் முடிக்கிறதே இல்லையே தாயி, அப்ப நீ எப்பத்தான் சாப்பிடுற?" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. அவள் திட்டிக்கொண்டே என் கையில் தண்ணீரைக் கொடுத்து, "நாளையிலேருந்து ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. அவன் பக்கத்துல உக்காந்து நீ பாட்டுக்குச் சாப்பிடு, அவனை நிமிந்தும் பாக்காதே. லத்திக்குப் பதிலா ஸ்பூன் புடிச்ச போலீஸ் மாதிரி எதுக்க உக்காந்தா எந்தப் புள்ளைக்கு இறங்கும்?" என்றாள்.

அப்படித்தான் செய்தேன். உப்பில்லாத அதே கறியும் காயும் என் தட்டிலும் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதல் நாள் நீ தொடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை, என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் மெதுவாகக் கையை நீட்டி என் தட்டிலிருந்து கேரட்டை எடுத்து நசுக்கி, முதலில் காதில் வைத்தாய், பிறகு வாயில் வைத்தாய். அப்போதும் நான் நிமிரவில்லை. அன்றைக்கு எத்தனை ஸ்பூன் என்று எனக்குத் தெரியாது, ஸ்பூனே இல்லை. அடுத்த மாதம் முந்நூறு கிராம் ஏறியிருந்தது, அது அந்த அட்டையில் இருக்கிற எண், அதை நம்பலாம்.

உண்மையான எண்ணிக்கையை நான் அழித்துவிடவில்லை. உன் அப்பாவை ஏமாற்றியாயிற்று, இறைவனையும் சேர்த்து ஏமாற்றத் தைரியம் இல்லாமல், பிரார்த்தனைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் அன்றன்றைக்குக் கோடு போட்டு வைத்திருந்தேன். இறைவனிடம் சொல்வது சுலபம், திருப்பி ஒன்றும் கேட்கமாட்டார். உன்னிடமும் மருமகளிடமும் சொல்லத்தான் இத்தனை வருஷமும் இத்தனை பக்கமும் ஆகியிருக்கிறது. அந்தத் தாளை அறுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். அச்சடித்த பக்கம் இல்லை, வெற்றுத்தாள்தான், மன்னிப்பார். நீயே எண்ணிப் பார். பட்டாணி முந்தாநாள் சாப்பிட்ட மூன்று ஸ்பூன், அந்த மாதத்தில் நீ பெரும்பாலான வேளைகளில் சாப்பிட்டதைவிட அதிகம். மருமகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு, கேட்டதாகச் சொல்லு என்பது என்ன, இதோ நானே எழுதுகிறேன். கண்ணு, உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நீ என்னோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கவில்லை, இல்லாத ஒருத்தியோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தாய். எடை மட்டும் மாதாமாதம் போடுங்கள், டாக்டர் என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்கள். மற்றபடி பிரிட்ஜிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இந்தப் பென்சில் தாளையும் ஒட்டாதீர்கள். எதையுமே ஒட்டாதீர்கள்.

மகனே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ பிள்ளைமேல் உள்ள பயத்தில் கையைப் பிடித்தாய், நானும் அதே பயத்தில்தான் பிடித்தேன். ஆனால் நீ இனிமேல் பிடிக்காதே. அவள் கை சும்மா இருக்கட்டும், அழுக்காகட்டும், சுவரில் பூசட்டும், சுவரைக் கழுவிக்கொள்ளலாம்.

இத்தனை சொன்னபிறகு ஒன்றை மட்டும் மறைத்தால் இந்தக் கடிதமும் அந்த நோட்டு மாதிரிதான் ஆகும். சாயங்காலம் போன் பண்ணும்போதெல்லாம் "சாப்பிட்டியாம்மா" என்கிறாய். வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்கிறேன். உன் அப்பா போனதிலிருந்து பல நாள் அது நிஜமில்லை. சோறு வைக்கிறேன், தட்டில் போடுகிறேன், எதிரில் யாரும் இல்லாமல் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, மூடி வைத்துவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, டாக்டரிடம் காட்டியாயிற்று, பயப்படாதே. சனிக்கிழமை அளவு பார்க்கச் செய்த பட்டாணியின் கறியையும் காயையும் வீணாக்க மனசில்லாமல் நானே சாப்பிட்டேன். உப்பில்லை, காரமில்லை. ஆனாலும் அவள் பக்கத்தில் இருந்தால் எதை முதலில் எடுப்பாள், பூசணியையா கேரட்டையா என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன், நிமிர்ந்து பார்த்தால் தட்டு காலி.

அதனால் உங்களை ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்காரும்போது எனக்குப் போன் போட்டு, மேஜையில் ஒரு பக்கமாக வைத்துவிடுங்கள். பேசக்கூட வேண்டாம். நானும் இங்கே தட்டோடு உட்காருவேன். அவளையும் யாரும் பார்க்க வேண்டாம், என்னையும் யாரும் பார்க்க வேண்டாம்.

உங்கள் மூன்று பேருக்கும் இறைவன் நல்ல பசியையும் அதற்கு வேண்டியதையும் குறைவில்லாமல் கொடுக்கட்டும், இருக்கிற வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும். மருமகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று நீ கவனி, கேட்டுத் தெரிந்துகொள்ளாதே, கூட உட்கார்ந்து தெரிந்துகொள். கொத்துக்கறியில் எலும்புச் சில்லைக் கையால் தடவிப் பார்க்க மறக்காதே. உங்கள் நாட்டில் மதியம் பன்னிரண்டு என்றால் இங்கே மாலை ஐந்தரை, அது சாப்பிடுகிற நேரமே இல்லை, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே அடுப்பை மூட்டிவிடுவேன்.

அன்புடன், ஆசியுடன்,
உன் அம்மா